மீனுக்கு வசதியான இடம்

“இந்தக் குளத்துல மீனே கிடையாதா, உபதேசியாரே?”

படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து, தூண்டிலைத் தண்ணீரில் விட்டபடி கேட்டாள் எஸ்தர்பாக்கியம்.

வேதமுத்து உபதேசியார் ஊர்க்கோயிலில் ஜெபம் நடத்துகிறவர். அவளைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் மனசில் ஏதாவது முடிச்சு விழுந்தால் ஊரில் எல்லோரும் அவரைத்தான் தேடி வருவார்கள். மீன் பிடிக்கிறதிலும் அவர் கை ராசியான கை.

“இருக்குக்கா,” என்றார்.

“பிறகு ஏன் எனக்கு மட்டும் வரமாட்டேங்குது? விடிஞ்சதுல இருந்து உக்காந்திருக்கேன்.”

பக்கத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ராசகனி சிரித்தாள்.

“எப்படி மைனி வரும்? என் சோப்புத் தண்ணியில குளிச்சு முழுகிட்டுல்லா உங்ககிட்ட வரணும்!”

எஸ்தர்பாக்கியத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் மகன் தினகர் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவன். அவன் பெண்டாட்டி லீதியாள் காய்ச்சலில் படுத்தவள், எழுந்திருக்கவேயில்லை. அடக்கம் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தவன் பின்பக்கத்து விறகுக் கொட்டகையில் போய் உட்கார்ந்ததுதான். யாரோடும் பேச்சில்லை. தட்டில் வைத்தது வைத்தபடி ஆறிப்போய்க் கிடக்கும். சந்தை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். மோந்துகூடப் பார்க்கவில்லை.

“துள்ளத் துள்ளப் பிடிச்சுட்டுப் போனா ஒரு வாயாவது தின்னமாட்டானா உபதேசியாரே? ஆள் பாதியாப் போயிட்டான்.”

உபதேசியார் அவள் தூண்டில் கிடந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

“தண்ணிக்குள்ள மீன் நிக்கிறதைப் படமாக் காட்டுற மிஷினு வந்திருக்காமே. அது இருந்தா சுளுவாப் பிடிச்சிரலாம்.”

“அக்கா, நீங்க ஏன் இந்தப் படியில உக்காந்தீங்க?”

“இதென்ன கேள்வி? உக்கார நல்லா இருக்கு. சேலை நனையாது. வேப்பமரத்து நிழல் வேற.”

“சரி. மீனுக்கு?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“இந்த வெயிலுக்கு நீங்க மீனா இருந்தா எங்க இருப்பீங்க?”

“நான் மீனா இருந்தா இந்நேரம் எவ சட்டியிலயாவது கொதிச்சுக்கிட்டு இருப்பேன்.”

இப்போது உபதேசியார் சிரித்தார். தூண்டிலைச் சுருட்டச் சொன்னார். இருவரும் கரைமேல் நடந்தார்கள்.

“தூண்டிலை மறந்திருங்க. குளத்தைப் பாருங்க,” என்றார்.

பார்த்தாள். முதலில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

நடக்க நடக்க மற்றதும் தெரிந்தது. காற்று சருகையும் நுரையையும் மேற்குக் கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. அங்கே முள் நிறைந்த ஒரு உடைமரம் வேரோடு சாய்ந்து, பாதி தண்ணீருக்குள் கிடந்தது. அதன் கிளையில் ஒரு மீன்கொத்தி, கழுத்தைச் சாய்த்துக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது. மரத்தடித் தண்ணீர் மட்டும் கறுத்து, குளிர்ந்து, சின்னச் சின்னக் கொப்புளமாக விட்டுக்கொண்டிருந்தது.

“அங்கயா?”

“நீங்கதான் சொல்லணும்.”

“அங்க ஒரே முள்ளுல்லா கிடக்கு! சகதி வேற. மனுஷி உக்காரவா முடியும்?”

அவர் மீன்கொத்தியைக் கை காட்டினார்.

சேலையை எடுத்துச் செருகிக்கொண்டு அவள் இறங்கினாள். முள் குத்தியது. கால் சேற்றில் புதைந்தது. மரத்தருகே போய் எட்டிப் பார்த்தாள். கிளைக்கு அடியில் ஜிலேபிக் கெண்டைகள் கூட்டமாக அசையாமல் நின்றன.

“அடியம்மா! எம்புட்டு! உபதேசியாரே, ஓடி வாங்க!”

ஒரு வெள்ளிக் கீற்று. அவ்வளவுதான். தண்ணீர் வெறும் தண்ணீராகிவிட்டது.

“போச்சே!” என்று தலையில் கை வைத்தாள். “நான் என்ன செஞ்சேன்? ஆசையாத்தானே பார்த்தேன்.”

“ஆசைதான்க்கா. ஆனா உங்க கால் தட்டினது மண்ணுல அதிரும். மண்ணு அதிர்ந்தா அதுக்குச் சேதி போயிரும். நிழல் வேற மேல விழுந்துச்சு. அதுக்கு எது ஆசை, எது கொக்குன்னு தெரியுமா?”

உபதேசியார் மெதுவாக வந்து சேற்றிலேயே உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். அவர் புழுவைக் கோத்து, சத்தம் வராமல் கிளையோரமாகத் தூண்டிலை இறக்கி, அவள் கையில் கொடுத்தார்.

ஆண்டவரே, ஒண்ணே ஒண்ணு, என்று அவள் மனசுக்குள் கேட்டாள்.

அப்புறம் கேட்கிறதையும் விட்டுவிட்டாள். சேறு குளிர்ச்சியாக இருந்தது. மீன்கொத்தி திரும்ப வந்து உட்கார்ந்தது.

கறுத்த தண்ணீருக்குள் ஒரு முதுகு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று.

“திரும்பி வந்துட்டு,” என்றாள், மூச்சுக்காற்றில்.

“அது எங்கயும் போகலக்கா. இங்கதான் இருந்துச்சு.”

எஸ்தர்பாக்கியம் அப்படியே இருந்தாள்.

அவள் கண்ணுக்கு முன்னால் வீட்டுக் கூடம் வந்தது. காற்றாடிக்குக் கீழே அவள் போட்டு வைத்த நாற்காலி வந்தது. ‘ராசா, முன்னால வந்து உக்காருய்யா, நாலு பேரு முகத்தைப் பாரு’ என்று வாசலிலிருந்து கூப்பிட்ட அவள் குரல் வந்தது. கஞ்சிராவும் கைத்தட்டலுமாக அவள் கூட்டிக்கொண்டு வந்த ஜெபக்குழுப் பெண்கள் வந்தார்கள். ‘போனதை நினைக்காதே தம்பி’ என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனது வந்தது.

சத்தம் வராமல் எழுந்தாள்.

“அக்கா, தக்கை அசையுது.”

“நீங்க பாத்துக்கிடுங்க,” என்று தூண்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கரையேறினாள்.

வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். கூப்பிடவில்லை. விறகுக் கொட்டகையில் குனிந்து நுழைந்து, மகனுக்குச் சற்றுத் தள்ளி, சிராய்த் தூளில் உட்கார்ந்தாள். மேலே தகரம் காய்ந்தது. எறும்பு ஏறியது. அவள் தட்டிவிடவில்லை.

தினகர் அவள் சேலையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தான்.

வெயில் தகரத்தை விட்டு இறங்கிவிட்டது. அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

“லீதியாளுக்கு மீன் குழம்புல மாங்கா போடணும்மா. போடலன்னா சண்டைக்கு வந்துருவா.”

நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, எல்லோரும் சொன்ன அந்தப் பேச்சு. எஸ்தர்பாக்கியம் அதை விழுங்கினாள்.

“கிளிமூக்கா, நாட்டு மாங்காயா?” என்று மெல்லக் கேட்டாள்.

“நாட்டு மாங்காதான்மா,” என்று அவன் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.