பல்சக்கர இன்ஜின் யாருக்கு?

அடுத்தவர் வழக்குக்கு நியாயம் சொல்வதென்றால் நம்மில் யாருக்கும் வாய் வலிப்பதில்லை. அப்படியானால் இதையும் கொஞ்சம் தீர்த்து வையுங்கள்.

போத்தனூரில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரி ரயில் பிரியர்கள் அங்கே கூடிச் சந்தை போடுவார்கள். காசுக்கு அங்கே வேலையில்லை, பண்டமாற்றுதான். பந்தி மேசைகளில் இலைக்குப் பதிலாகக் குட்டி இன்ஜின்கள் வரிசையாக நிற்கும். பஸ்ஸில் இடம் பிடிக்கிற வழக்கம்தான் இங்கும் சட்டம். ஒரு பொருள் வேண்டுமென்றால் அதன்மேல் துண்டைப் போட்டுவிட்டுப் போகலாம். போட்டவர் திரும்பி வரும்வரை வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

குணவதி தையல் கடை வைத்திருப்பவள். அவள் வீட்டு மாடி அறையில் ஒரு மலை இருக்கிறது. தெர்மாகோலும் காகிதக் கூழும் கொண்டு அவளே எழுப்பிய மலை. குகை, பாலம், தேயிலைச் சரிவு எல்லாம் உண்டு. தண்டவாளத்தின் நடுவே, ஊட்டி ரயிலுக்கு இருப்பதுபோல், பல் பட்டையும் உண்டு. ஏறுவதற்கு இன்ஜின்தான் இல்லை. சாதாரண இன்ஜின் பாதியில் வழுக்கிவிடும். அடியில் பல்சக்கரம் உள்ளதுதான் ஏறும். அது லேசில் கிடைக்காது. "உங்க வண்டி எப்பங்க ஏறும்?" என்று துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். இந்தத் தடவை வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று முடிவு செய்தாள். தன் கையால் செய்த நீல ரயில் பெட்டிகள் நான்கையும், சோதித்துப் பார்க்க ஒரு முழம் பல் தண்டவாளத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

சுக்கூர் பாயின் மேசையில் மலை ரயில் இன்ஜின் படம் போட்ட அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு துண்டும் இருந்தது. ஞானசிகாமணியின் துண்டு. அவர் பெரிய சேகரிப்பாளர். எதையும் ஓட்ட மாட்டார். அட்டை கசங்காமல் அலமாரியில் அடுக்கி வைத்து அழகு பார்ப்பார். விரல் ரேகை பட்டால் பழைய அட்டை வீணாகிவிடும் என்று அந்தப் பெட்டியை அவர் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பூப்போலத் துண்டை விரித்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருந்தார்.

குணவதி அந்தத் துண்டைப் பார்த்தாள். ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை. மேசை ஓரத்தில் உடைசல்கள் கிடந்த பிஸ்கட் டப்பாவைத் துழாவ ஆரம்பித்தாள். அடியில், செய்தித்தாளில் சுற்றியபடி ஓர் இன்ஜின் கிடந்தது. கவிழ்த்துப் பார்த்தாள். பல்சக்கரம் இருந்தது.

"பாய், இது ஓடுமுங்களா?"

"மோட்டார் புகைஞ்சு போச்சும்மா. ஓடாது."

"ஓடாட்டிப் பரவால்லைங்க. எனக்கு இதுதான் வேணும்."

நான்கு நீலப் பெட்டிகளையும் எடுத்து வைத்தாள். பாய் அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். இன்ஜின் கைமாறியது.

பக்கத்து மேசைக்காரர் பெலிக்ஸ் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர். அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "குடுங்க, எங்கிட்ட ஒரு மோட்டார் இருக்கு. மாட்டிப் பாக்கலாம்" என்றார். மாட்டி, பேட்டரி ஒயரை வைத்தார். குணவதி தன் முழத் தண்டவாளத்தைச் சரித்துப் பிடித்தாள். இன்ஜின் கறகறவென்று உச்சிவரை ஏறிப்போய் நின்றது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா ஞானசிகாமணி காபியை முடிக்க வேண்டும்? வந்தார், துண்டை எடுத்தார், அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

சுக்கூர் பாய் தலையைச் சொறிந்தார். "இந்தம்மா கையில இருக்குறதுதான் அதுக்குள்ள இருந்துச்சு. மோட்டார் போனதும் டப்பால தூக்கிப் போட்டேன். மறந்தே போச்சு."

"அப்ப அது என்னுதுங்க" என்றார் ஞானசிகாமணி. "பெட்டிக்குத் துண்டு போட்டா உள்ள இருக்கறதுக்கும் சேத்துத்தானுங்க."

பெலிக்ஸுக்கும் இப்போது ஆசை வந்துவிட்டது. "என் மோட்டார் இல்லாட்டி அது வெறும் இரும்பு. நாந்தான் அதை ஏற வெச்சேன். எனக்குத்தான் வேணும்."

குணவதி இன்ஜினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் அட்டைப்பெட்டியும் கேக்கல, மோட்டாரும் கேக்கலைங்க. இதைத் தர மாட்டேன்."

துண்டு போட்டவர் ஒருவர், தேடி எடுத்தவள் ஒருத்தி, ஏற வைத்தவர் ஒருவர். இப்போது சொல்லுங்கள், இந்த இன்ஜின் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பஸ்ஸில் துண்டு போட்டவருக்குத் துண்டு விழுந்த இருக்கைதான் சொந்தம். ஞானசிகாமணி பெட்டியைத் தூக்கிப் பார்த்திருந்தால் உள்ளே ஒன்றும் இல்லையென்று கையே சொல்லியிருக்கும். அட்டையைத்தான் பெரிதாக நினைத்தார், அட்டை அவருக்கு. பெலிக்ஸ் கொடுத்தது மோட்டார். அதுவும் அவர் கேட்டது இன்ஜின் ஏறிய பிறகு. மோட்டார் அவருக்கு. ஓடாது என்று தெரிந்தே, தன் உழைப்பு முழுவதையும் கொடுத்து அதைக் கேட்டவள் குணவதி ஒருத்திதான். இன்ஜின் அவளுக்கே. இதைச் சொல்ல மண்டபத்தில் யாரும் வாய் திறப்பதற்குள் அவளே மோட்டாரைக் கழற்றிப் பெலிக்ஸ் கையில் வைத்துவிட்டு, ஓடாத இன்ஜினோடு வெளியே போய்விட்டாள். எதிரே ஒரு பொம்மைக் கடை. ரிமோட் கார் ஒன்றை வாங்கி, அங்கேயே நின்று பிரித்து, அதன் மோட்டாரைப் பிடுங்கினாள். கடைக்காரர் பதறிப்போய், "ஏனுங்க்கா, புதுசுங்க, நல்லாத்தான ஓடும்?" என்றார். "ஓடுனாப் பத்தாதுங்க, எனக்கு ஏறோணும்" என்றாள் குணவதி. அன்று சாயங்காலம் ஏறியும்விட்டது.