மூணு சிவப்பு நாடா

ஏல மக்கா, காலை ஆட்டாம படு. அத்தை ஒருக்காதான் சொல்லுவேன். நீ ‘ம்’ கொட்டலன்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு கொட்டகை. மாட்டுக் கொட்டகை இல்ல, ஏரோப்ளேன் நிக்கிற கொட்டகை. அங்க ஞானதிரவியம்னு ஒரு மெக்கானிக். ரெண்டு தடவை பரீட்சையில தோத்து, மூணாந்தடவை எழுதிப் பாஸாகி, தன் நம்பர் போட்ட ரப்பர் ஸ்டாம்பு வாங்கினவன். அந்த ஸ்டாம்பு விழுந்தாத்தான் ப்ளேன் பறக்கலாம். அதனால அதைச் சட்டைப்பையில வச்சுத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்குவான்.

ம் சொல்லு.

ப்ளேனுக்கு மூணு காலு. முன்னால ஒண்ணு, பின்னால ரெண்டு. மேல ஏறினதும் மூணும் உள்ள மடங்கிக்கிடும். தரையில நிக்கையில அது மடங்கிறக் கூடாதுல்லா? அதுக்காக ஒவ்வொரு காலுலயும் விரல் தண்டி ஒரு பின்னைச் சொருகி வச்சிருப்பாங்க. பின்னுல முழ நீளத்துக்குச் சிவப்பு நாடா தொங்கும். கிளம்புறதுக்கு முன்ன மூணையும் உருவி, பைலட்டுக்குத் தெரியுற மாதிரி தூக்கிக் காட்டணும். அவரு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டுக் கட்டைவிரலைக் காட்டுவாரு. அப்புறம்தான் ப்ளேன் நகரும். அதுதான் அங்க வழக்கம்.

அப்போ ஒருநாள் சோ...ன்னு மழை. ஆம்புலன்ஸ் ஒண்ணு வந்து நின்னுச்சு. உள்ள முத்தரசின்னு ஒரு பிள்ள. காலையிலதான் குழந்தை பெத்திருக்கா, ரத்தம் நிக்கவே இல்ல. உடனே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாத்தான் பிழைப்பான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவ புருஷன் வேலாண்டி குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மழையில நிக்கான்.

திரவியம் அவசர அவசரமா முன்கால் பின்னை உருவினான், வலதுகால் பின்னை உருவினான், ரெண்டையும் பையில போட்டான். அப்போ ஸ்ட்ரெச்சரைத் தூக்க ஆள் பத்தலன்னு கூப்பிட்டாங்க. ஓடிப் போய்த் தூக்கிவிட்டுட்டு வந்து பைக்குள்ள கையை விட்டான். மூணு நாடா இருந்துச்சு. மூணையும் தூக்கிக் காட்டினான். பைலட் எண்ணிப் பாத்துக் கட்டைவிரலைக் காட்டினாரு.

விர்ர்ர்ர்ருன்னு ப்ளேன் மேல ஏறிச்சு. முன்கால் மடங்குச்சு. வலதுகால் மடங்குச்சு. இடதுகால் அப்படியே தொங்குது.

பாத்த உடனே திரவியத்துக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. முந்தின நாள் வேற ப்ளேன்ல உருவின பின்னை ஆணியில மாட்டாம பையிலேயே போட்டு வச்சிருந்தான் அந்த மறதிக்காரன். கையில எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு. ஆனா இடதுகால் பின்னு காலுலயே இருக்கு. மழையில அதோட நாடா நனைஞ்சு காலைச் சுத்தி ஒட்டிக்கிட்டதால ஒருத்தர் கண்ணுலயும் படல.

ம்... தூங்கிட்டியா? சரி, கேளு.

கொட்டகையில ஒரு ரேடியோ உண்டு. கொர்ர்ர்ருன்னு பைலட் குரல் வந்துச்சு. இடதுகால் மடங்கலியாம், என்னன்னு தெரியலியாம், சுத்திட்டு மறுபடி பாக்காராம். திரவியம் மைக்கைக் கையில எடுத்தான். அப்போ சட்டைப்பையில ஸ்டாம்பு கனத்துச்சு. இதைச் சொன்னா பிடுங்கிருவாங்களேன்னு மைக்கைக் கீழ வச்சுட்டான்.

அப்புறம் ரெண்டாந்தடவை கொர்ர்ர். இப்பவும் மடங்கல. தீயணைப்பு வண்டி கணகணன்னு ஓடுபாதைக்கு ஓடுது. திரவியம் மைக்கை எடுத்தான். எப்படியும் இறங்கத்தானே போறாங்க, இறங்கினதும் ஒருத்தருக்கும் தெரியாம உருவிக்கிடலாம்னு நினைச்சான். மறுபடி கீழ வச்சுட்டான். இவனை எல்லாம் என்ன செய்யலாம் சொல்லு!

மூணாந்தடவை கொர்ர்ர். காலு ஒடிஞ்சிருமோன்னு பயமா இருக்கு, எண்ணெய் தீருற வரைக்கும் சுத்திட்டுத்தான் இறங்கணும்னு பைலட் சொல்லுதாரு. கூட இருந்த நர்ஸ், முத்தரசிக்குக் கை சில்லுன்னு ஆயிட்டுன்னு அழுறது ரேடியோவுலயே கேக்கு.

அப்போதான் இவனுக்கு வாய் வந்துச்சு. “சார், பின்னை நான்தான் உருவாம விட்டுட்டேன். காலு ஒடியாது. தைரியமா இறங்குங்க.”

முதல் கொர்ருக்கும் இதுக்கும் நடுவுல பதினோரு நிமிஷம் ஆகிப்போச்சு மக்கா.

ப்ளேன் இறங்குச்சு. கொட்டுற மழையில ஓடிப்போய்ப் பின்னை உருவினான். ப்ளேன் திரும்பவும் பறந்துச்சு. முத்தரசியை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு சேத்துட்டாங்க. ஆபரேஷன் ரூமுக்குத் தள்ளிக்கிட்டுப் போகையில, வராண்டாவுலயே மூச்சு நின்னு போச்சு. இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருந்தா முயற்சியாவது பண்ணியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம்.

பெரிய ஆபீசர்மாரு வந்து விசாரிச்சாங்க. பையைத் தொட்டுப் பாத்தப்போதான் தெரிஞ்சுது, தெரிஞ்ச உடனே சொல்லிட்டேன்னு இவன் எழுதிக் கொடுத்தான். தப்பைத் தானா ஒத்துக்கிட்டவன்னு பைலட்டே இவனுக்காகப் பேசினாரு. ஒரு மாசம் வீட்டுல இருன்னு சொல்லி அனுப்பி, அப்புறம் ஸ்டாம்பைத் திருப்பிக் கையிலயே கொடுத்துட்டாங்க. அவன் பயந்ததுல ஒண்ணுமே நடக்கல.

வேலைக்குத் திரும்பி வந்த அன்னைக்கு வேலாண்டி வந்து நின்னான். மொட்டை போட்டிருந்தான், தோள்ல குழந்தை. சண்டைக்கு வந்திருக்கான்னு நினைச்சுத் திரவியம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அடிச்சா வாங்கிக்கிடலாம்னுதான் நின்னான். ஆனா வேலாண்டி கையெடுத்துக் கும்பிட்டான்.

“அண்ணாச்சி, பைலட் ஐயா எல்லாம் சொன்னாரு. வேற ஆளா இருந்தா மறைச்சிருப்பான். நீங்க ஒரு நிமிஷம்கூட யோசிக்காம சொன்னீங்களாமே. அதனாலதான் அவ ஆஸ்பத்திரி வாசலாவது மிதிச்சா. இவளைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க.”

குழந்தையை அவன் கையில கொடுத்துட்டான். அது அவன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு மொச்மொச்சுன்னு விரலைச் சப்புது. இப்பவாவது சொல்லிரணும்னு வாயைத் திறந்தான். வேலாண்டி அவன் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கான்.

“ஆமாப்பா”ன்னான் திரவியம். “உடனே சொல்லிட்டேன்.”

இம்புட்டுதான்ல கதை. போர்வையை இழுத்து மூடு, அத்தை விளக்கை அமத்துதேன்.