கால் வைத்தியர்களின் மூன்று பட்டயங்கள்

கடலை நம்பி உப்பும், உப்பை நம்பி ஊரும் இருந்த வெள்ளாழிப்பட்டினத்தில் கால் வைத்தியர்களுக்குத்தான் முதல் மரியாதை. நாள் முழுக்க உப்புப் பாத்தியில் நிற்பவர்களுக்குப் பாதம் வெடிக்கும், புண்ணாகும், கடைசியில் மரத்தும் போகும். மரத்த காலில் வைத்தியரின் கத்தி எத்தனை ஆழம் போனாலும் நோயாளிக்குத் தெரியாது. அதனால்தான் அரசன் அவர்களுக்குச் செப்புப் பட்டயம் கொடுத்த கையோடு ஒரு சட்டமும் போட்டிருந்தான்.

பட்டயம் பெற்ற ஒருவர் வைத்தியம் பார்க்கத் தகாத நிலையில் இருக்கிறார் என்று இன்னொரு பட்டயக்காரருக்குத் தோன்றினால், மூன்று நாளுக்குள் சபையில் சொல்லிவிட வேண்டும். சான்று தேடி அலைய வேண்டாம், அது சபையின் வேலை. மறைத்தவரின் பட்டயம் பறிபோகும். தன் குறை தெரிந்த பிறகும் கத்தி எடுத்தவருக்கும் அதே கதிதான். ஒரே ஒரு விலக்கு உண்டு. தன்னிடம் நோயாளியாக வந்தவரைப் பற்றி வைத்தியர் வாய் திறக்கக் கூடாது.

ஊர் வைத்தியசாலையில் மூன்று அறைகள். முதல் அறையில் முதியவர் மருதப்பர், நடு அறையில் சேந்தன், மூன்றாவதில் பூவுடையாள். சந்தேகம் சேந்தனோடு கூடவே பிறந்தது. பால்காரன் சிரித்தால் பாலை மோந்து பார்ப்பான். தை மாதம் ஒரு நாள் மருதப்பரின் கையிலிருந்து கத்தி இரண்டு முறை நழுவியதையும், வாசற்படியில் அவர் தடுமாறியதையும் பார்த்தவன், அப்போதே முடிவு கட்டிவிட்டான். கிழவர் குடிக்கிறார்.

அந்த வாரம் அவன் வீட்டில் வேறொரு தொல்லை. மாமியாருக்குப் பித்தவெடிப்பு. மாமியாரின் காலைத் தானே பிடித்து வைத்தியம் பார்க்கும் துணிச்சல் சேந்தனுக்குக் கிடையாது, அதனால் அந்த அம்மாள் மருதப்பரிடம்தான் போய்க்கொண்டிருந்தார். "இனிமே பூவுடையாள்கிட்ட போகச் சொல்லு. அங்க கூட்டம் கம்மி" என்று மனைவியிடம் சொல்லிவிட்டான்.

பிறகு அவன் கண் முதல் அறையை விட்டு அகலவில்லை. மாசியில் மருதப்பரின் மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் வாடை அடித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். ஒரு நாள் கட்டைவிரலில் பெரிய தீக்கொப்புளம்.

"என்னண்ணா இது?"

"தெரியலப்பா. விளக்குல சுட்டிருக்கும் போல. எப்பன்னே தெரியல."

சுட்டது தெரியாத அளவுக்கா போதை என்று சேந்தன் மனதுக்குள் குறித்துக்கொண்டான். அரைகுறையாகப் போய்ச் சொல்லி அசிங்கப்படக் கூடாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தான்.

பங்குனியில் அந்த நாள் வந்தது. உப்பு வாரும் சடைச்சி தன் ஆணிக்காலைக் காட்ட வந்திருந்தாள். மருதப்பர் கத்தியால் செதுக்கிக்கொண்டிருக்க, அவள் தன் ஆடு குட்டி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தரையில் ரத்தம் பெருகிய பிறகுதான் இருவருமே குனிந்து பார்த்தார்கள். வாசலில் நின்ற சேந்தன் அதற்கு மேல் நிற்கவில்லை. உச்சிவேளைக்கு முன்பே சபையில் புகார் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் சபை கூடியது. கட்டுப் போட்ட காலோடு சடைச்சியைத் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். இரண்டு விரலை எடுக்க வேண்டியிருக்கும், இனி உப்புத் தண்ணீரில் கால் வைக்க முடியாது என்றார்கள். அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

"பார்த்த அன்றே வந்து சொன்னேன்" என்றான் சேந்தன். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பூவுடையாளை விசாரித்தார்கள். "மத்தியானம் அவர் என்னிடம் வந்தார். நோயாளியாக வந்தார். அதற்கு மேல் கேட்காதீர்கள்" என்றாள்.

மருதப்பர் எழுந்து தன் பட்டயத்தைச் சபைத் தலைவர் முன் வைத்தார். "நானே சொல்றேன். ரத்தம் என் கையில வழிஞ்சுது, அந்தச் சூடு எனக்குத் தெரியல. அப்பதான் பயம் வந்துச்சு, பூவுடையாள் தாயிகிட்ட ஓடினேன். கண்ண மூடச் சொல்லி மயிலிறகுக் காம்பால விரலத் தொட்டுப் பாத்தாங்க. 'ஏம்மா இன்னும் தொடாம இருக்க'ன்னு கேட்டேன். அதுக்குள்ள ஒம்பது தடவ தொட்டுட்டாங்க. மதுமேகமாம், சர்க்கர நோய். நாள்பட்டதாம், விரல் மரத்ததும் மூச்சு வாடையும் அதாலதானாம். அங்கேருந்து நேரா இங்கதான் வர்றேன்."

அவர் குடிப்பவர் இல்லை என்பதைச் சபையும் சோதித்து அறிந்தது.

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஒருவர் அறியாமல் அறுத்தார். ஒருவர் அறிந்தும் பேசவில்லை. ஒருவர் தப்பாக அறிந்து, சரியான இடத்தில் சொன்னார். சட்டப்படி ஒரு பட்டயம் பறிக்கப்பட்டே ஆக வேண்டும். அது யாருடையது? ஏன்?

விடை சபையிலிருந்து வரவில்லை, சடைச்சியிடமிருந்து வந்தது. "வைத்தியரய்யா, போன தை வரைக்கும் உங்க மாமியாரு எனக்கு முன்னாடிதான் வரிசையில உக்காந்திருப்பாங்க. அவங்கள எதுக்கு மூணாவது அறைக்கு மாத்துனீங்க?" என்று சேந்தனைக் கேட்டாள். மருதப்பர் தன் குறை தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டு வந்தார். பூவுடையாளின் வாயைச் சட்டமே கட்டியிருந்தது. சேந்தனுக்கோ தை மாதமே தோன்றிவிட்டது. சொல்ல வேண்டிய மூன்று நாள் அப்போதே ஓடிப்போனது. காரணம் தப்பு என்பது குற்றமில்லை, இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்ததுதான் குற்றம். அவன் பட்டயத்தைப் பறித்தார்கள். சடைச்சியின் காலை விட்டு மருதப்பரை விலக்க அவனுக்குச் சான்று வேண்டியிருந்தது. மாமியார் காலுக்கு மட்டும் சந்தேகமே போதுமாக இருந்தது.