ஃப்ளாவின் கஞ்சிப் பானை

மிருகங்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். அயர்லாந்து என்னும் அந்த மழை நாட்டில் தூறலுக்குச் சொல் இருந்தது, சாரலுக்கும் இருந்தது. ஆட்சிக்குத்தான் ஒரு சொல்லும் இல்லை. அங்கே யாரும் யாரையும் ஆண்டதில்லை.

அதைப் பற்றி ஃப்ளாவுக்கு ஒரு கவலையும் கிடையாது. அவள் ஒரு வளைக்கரடி. முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடு, மண்ணுக்குள் வீடு. பனிக்காலத்தைத் தாண்ட ஒரு மூட்டை ஓட்ஸ் சேர்த்து வைத்திருந்தாள். அது தீர்ந்தால் பட்டினிதான்.

ஆனால் ஊர் வழக்கம் பொல்லாதது. வாசலுக்கு வந்தவரைச் சாப்பிட வைத்த பிறகுதான் யார், என்ன என்று கேட்கலாம். அதனால் தூரத்தில் தலை தெரிந்தாலே ஃப்ளா அடுப்பை அணைத்துவிடுவாள். புகை இல்லாத வீட்டுக்கு விருந்தாளி வரமாட்டார் அல்லவா?

ஒருநாள் கலைமான் ஊரைக் கூட்டியது. "நம்மள ஆள ஒருத்தர் வேணும். இந்தக் கொம்பைப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

"அதுக்கு என் கோரைப்பல் என்ன குறைச்சல்?" என்றது காட்டுப்பன்றி.

சரி, நன்றாக உபசரிப்பவரே ஆளட்டும், யார் வீட்டு உபசரிப்பு எப்படி என்று பார்த்துவிடுவோம் என்று எல்லோரும் கொட்டும் மழையில் கிளம்பினார்கள். கலைமான் தன் வாசலில் நின்றுகொண்டு முயலிடம், "நீ எந்தக் கூட்டம்? அதைச் சொல்லிட்டு உள்ள வா" என்றது. ரோஷம் வந்த முயல் திரும்பி மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது. பன்றி வீட்டிலோ பானையைப் பன்றியே நக்கி முடித்திருந்தது.

அப்போதுதான் ஃப்ளாவின் வீட்டில் புகை தெரிந்தது. அவள் பதறி அடுப்பை அணைக்க, ஈர விறகு இன்னும் அதிகமாகப் புகைந்து தொலைத்தது.

அதைப் பார்த்து எல்லோரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். உள்ளே யாரும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வெளியே முயல் நடுங்கிக்கொண்டே தும்மியது. பாவி மனசு கேட்கவில்லை.

"காலைத் தொடச்சிட்டு உள்ள வாங்க" என்றாள்.

மூட்டை முழுவதும் கஞ்சியானது. கிண்டக் கிண்ட அவள் கண்ணீர் பானையில் சொட்டியது. "உப்பு சரியா இருக்குக்கா" என்றது பன்றி.

எல்லோரும் ஏப்பம் விட்ட பிறகு ஃப்ளா கேட்டாள்: "இப்பச் சொல்லுங்க. எதுக்கு வந்தீங்க?"

"ஆள ஒருத்தரைத் தேடி வந்தோம்" என்ற கலைமான், கிண்ணத்தை வழித்துக்கொண்டே தலைகுனிந்தது. "கெடச்சாச்சு."

"எனக்கு வேணாம்ப்பா. பனிக்கு நான் எதைத் தின்பேன்?"

"ஆளுக்கு ஒரு பிடி கொண்டாந்து தர்றோம்க்கா" என்றது முயல்.

சொன்னபடியே கொண்டுவந்தார்கள். ஒரு பிடி தந்தவர் உட்கார்ந்து இரண்டு பிடி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். குறைந்ததை அடுத்தவர் கொண்டுவந்தார். அந்தப் பனிக்காலத்தில் ஃப்ளா ஒருநாளும் பட்டினி கிடக்கவில்லை, ஒருநாளும் தூங்கவுமில்லை.

அன்று பிடித்துத்தான் அந்த நாட்டு மொழியில் ஆள்பவருக்கு ஃப்ளா என்று பெயர். வாரி வழங்குகிறவரைச் சொல்லும் சொல்லும் அதிலிருந்தே கிளைத்தது. சொர்க்கத்துக்கு அவர்கள் வைத்த பெயருக்கும் அதே வேர்தான்; ஃப்ளாவைக் கேட்டால், அங்கேயாவது கொஞ்சம் தூங்க விடுங்கள் என்பாள்.