கண்டன் போட்ட கோழிப்பந்தல்

"கூரை போடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியது..." என்று என் தாய்மாமன் ஒன்று சொல்வார். வானத்தைப் பார்க்கச் சொன்னாரா, மண்ணைப் பார்க்கச் சொன்னாரா, மறந்துபோய்விட்டது. அதையொட்டி அவர் சொன்ன கதை மட்டும் மறக்கவில்லை. கேளுங்கள்.

மலைகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலம் அது. பனிமலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில், தெற்கே இருந்து மிளகு விற்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட சில குடும்பங்கள் இருந்தன.

குளிர்காலம் வந்தால் மலைவழி அடைபட்டுவிடும். போக்கும் இல்லை, வரத்தும் இல்லை. பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கோழிமுட்டைதான் உயிர். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. குளிர் தொடங்கியதும் எல்லார் வீட்டுக் கோழிகளும் ஒரே பட்டிக்குள் போகும். பட்டி கட்டிக் காப்பது ஆண்டுக்கு ஒரு வீட்டார் பொறுப்பு.

அந்த ஆண்டு கண்டன் முறை.

கண்டன் பந்தல்காரன். தெற்கே இருந்தபோது ஊர் ஊராகக் கல்யாணப் பந்தல் போட்டவன். அவன் மனைவி நங்கை பிள்ளைத்தாய்ச்சி.

கண்டன் பட்டியைச் சுற்றிக் கால் நட்டான். குறுக்கே கழி கட்டினான். மேலே நாணல் தட்டியைத் தட்டையாகப் பரப்பினான். பருந்தின் மூக்குக்கூட நுழையாத நெருக்கம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

பக்கத்து வீட்டுச் சேந்தி அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "ஏண்டா கண்டா, எந்தச் சேவலுக்குக் கல்யாணம்? தோரணம் மட்டுந்தான் பாக்கி."

"உன் வெள்ளைக்கோழிக்குத்தான் அக்கா. மாப்பிள்ளை பார்த்தாச்சு."

"அது சரி. உன் வீட்டுக் கூரை மட்டும் செங்குத்தா நிக்குதே?"

"அது மனுசர் படுக்கிற இடம். கோழிக்கு இது போதும்."

முதல் பனி வந்தது. பஞ்சு போல மெதுவாக விழுந்தது. பந்தல் 'கிரீச்' என்றது. கண்டன் நடுவில் முட்டுக்கால் கொடுத்தான். "இது போதும்" என்றான்.

இரண்டாம் பனி வந்தது. பந்தல் தூளி போலத் தொய்ந்தது. கண்டன் தட்டியின் மேல் இன்னொரு தட்டி போட்டான். கனம் கூடியது. கனத்தைத் தாங்க மேலும் முட்டுக்கால் கொடுத்தான். கோழிகளுக்கு நிற்க இடம் குறைந்தது.

"டேய், இது கோழிப்பட்டியா, கால்பட்டியா?" என்றாள் சேந்தி அக்கா.

"இது போதும் அக்கா" என்றான். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கை தட்டில் இருக்கும், காது பட்டியில் இருக்கும். கழியை எடுத்துக்கொண்டு ஓடுவான், பனியைத் தள்ளுவான், திரும்பி வருவான், மறுபடி ஓடுவான்.

"ஏங்க, உக்காந்து சாப்பிடுங்க."

"இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சே?"

"வயித்துல பிள்ளை உதைச்ச சத்தமா இருக்கும்" என்றாள் நங்கை. அவன் சிரிக்கவில்லை. அவளும் தன் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாம் பனி பட்டப்பகலில் வந்தது. மழையும் கலந்து வந்தது. தட்டி அதைக் குடித்துக் குடித்து ஊறியது. கண்டன் காது கொடுத்துக் கேட்டான். பந்தல் கிரீச் என்று கூடச் சொல்லவில்லை.

நடுக்கழி முறிந்தது. கண்டன் உள்ளே பாய்ந்து தோள் கொடுத்தான்.

"நங்கை! கோழிகளைக் கிளப்பு!"

வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு அவள் ஓடி வந்தாள். சேந்தி அக்கா முறத்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கோழிகள் சிறகடித்துக் கண்டன் வீட்டுக்குள் புகுந்தன. கடைசிக் கோழியும் வெளியேறிவிட்டது என்று நினைத்துக் கண்டன் தோளை எடுத்து வெளியே பாய்ந்தான். பந்தல் விழுந்தது.

சேந்தி அக்கா தட்டியைத் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய வெள்ளைக்கோழி அடியில் கிடந்தது.

"அடை உக்காந்திருந்துச்சு. முட்டையை விட்டு எப்படி எழுந்து வரும்?" என்றாள். கண்டனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

வீட்டுக்குள் எங்கு பார்த்தாலும் கோழி. அடுப்பு எரிந்தால் புகையில் அவை மூச்சுத் திணறின. அடுப்பை அணைத்தால் மனிதர் விறைத்துப் போவார்கள். வெளியே விட்டால் பனி, நரி, பருந்து. புதுக் கூரைக்குக் காட்டுக்குப் போய் மரம் வெட்ட வழி இல்லை, பாதை மூடிக் கிடந்தது.

"அறுத்துத் தின்னா ஒரு வாரம் விருந்துதான். அதுக்கப்புறம்?" என்றாள் சேந்தி அக்கா. அவள் கண் நங்கையின் வயிற்றில் போய் நின்றது.

அப்போது தலைக்கு மேலே 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். கண்டன் துள்ளி எழுந்தான். கூரையில் இருந்த பனி சறுக்கிக்கொண்டு போய் வாசலில் 'தொப்'பென்று விழுந்தது. வீடு அசையவில்லை.

"அங்க விழுந்ததும் இங்க விழுந்ததும் ஒரே பனிதானே?" என்றாள் நங்கை.

"ஒரே பனிதான்."

"ரெண்டு கூரையும் போட்டது ஒரே கைதானே?"

கண்டன் அண்ணாந்து பார்த்தான். கைக்கு எட்டும் நீண்ட மரங்கள் இப்போது அந்தப் பள்ளத்தாக்கில் ஓர் இடத்தில்தான் இருந்தன. அவன் தலைக்கு மேலே.

கேட்டவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நமக்குப் போதாது என்று தெரிந்த ஒன்றை, நம்மை நம்பி ஒப்படைத்த உயிர்களுக்குப் போதும் என்று சொல்லக் கூடாது.

கண்டன் ஏணியை எடுத்து வந்து முன்கட்டில் சாத்தினான். அந்தக் கூரையைப் பிரித்துக் கோழிப்பட்டியின் மேல் பனி சறுக்கும்படி செங்குத்துச் சரிவாகப் போடுவது, குளிர் முடியும்வரை தானும் நங்கையும் பின்கட்டில் ஒடுங்கிக்கொள்வது என்று முடிவு செய்தான்.