விழாத அட்டை வீடு

கால்வாய்க்கரைக் குடிசைகளை இடித்து அள்ளிய வருஷம் அது. வீடு போனவர்களில் முப்பது குடும்பத்தை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். எனக்கு அங்கே சமையல் வேலை. இத்தனை காலம் கழித்தும், சாம்பார் கொதிக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளைகளின் சத்தம் என் காதுக்குள் வந்துவிட்டுப் போகும்.

மணமகள் அறையைப் பிள்ளைகள் விளையாட ஒதுக்கியிருந்தார்கள். எஸ்தர்தான் பொறுப்பு. முப்பது வயதுகூட இருக்காது. விளையாட விட்டே பிள்ளைகளின் பயத்தைப் போக்குகிற படிப்பு படித்தவள். அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் தணிகாசலம், ரிட்டையரான டிராயிங் மாஸ்டர். அறுபது தாண்டியவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "சார்" என்பாள். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள்.

அந்த அறைக்கு ஒரே சட்டம். பெரியவர்கள் ஆட்டத்துக்குள் போக வேண்டுமானால், "எனக்கு என்ன வேலை?" என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும். பிள்ளை கொடுக்கிற வேலையைத்தான் செய்ய வேண்டும்.

மோனிஷாவுக்கு ஏழு வயது. அவள் அம்மா தேவகி விடியுமுன்னே மீன் மார்க்கெட்டில் ஐஸ் சுமக்கப் போயிருந்தபோது குடிசையை இடிக்க லாரி வந்திருக்கிறது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை, சுவர் விழுகிற கடைசி நிமிஷத்தில் யாரோ காலைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நின்றதுதான் அவள் பேச்சு. பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம் இருந்தது. ஊமைப் பிள்ளை என்று ஒதுக்கிவிடுவார்களே என்று தேவகி என் அடுப்படிக்கு வந்து புலம்பாத நாள் இல்லை.

மோனிஷாவுக்குத் தினமும் ஒரே ஆட்டம்தான். அட்டைப்பெட்டிகளை அடுக்கி வீடு கட்டுவாள். மேலே ஒரு பழைய புடவையைப் போடுவாள். பிறகு பால் டிரேயை லாரி மாதிரி தள்ளிக்கொண்டு வந்து மோதுவாள். வீடு விழும். மறுபடி கட்டுவாள்.

தணிகாசலம் சாருக்குப் பொறுக்கவில்லை.

"கட்டுறதும் இடிக்கிறதுமா இருந்தா புண்ணு எப்படி டீச்சர் ஆறும்?"

"பாருங்க சார்," என்றாள் எஸ்தர்.

அடுத்த சில நாள் அவளுக்கு வேறொரு முகாமில் வேலை. முதல் நாள் சார் காலையிலேயே வந்து பெட்டிகளை டேப் சுற்றி ஒட்டினார். ஜன்னல் கம்பியோடு சணல் கயிற்றால் இழுத்துக் கட்டினார். கதவு வரைந்தார், வாசலில் கோலமும் வரைந்தார். கை அவ்வளவு சுத்தம். நானே கரண்டியோடு போய்ப் பார்த்து மெச்சிவிட்டு வந்தேன்.

மோனிஷா வந்தாள். டிரேயைத் தள்ளி மோதினாள். வீடு அசையவில்லை. மறுபடி மோதினாள். மூன்றாம் தடவைக்குப் பிறகு டிரேயை அங்கேயே விட்டுவிட்டு, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

நான்கு நாள் அப்படியே இருந்தாள். சோறும் பாதிதான் இறங்கியது. தேவகி சாரைப் பிடித்துக்கொண்டாள்.

"பேச்சுதான் போச்சுன்னு இருந்தேன். இன்னா பண்ணே சார் நீ? இப்ப ஆட்டமும் போச்சு."

சாரால் நிமிர முடியவில்லை.

எஸ்தர் திரும்பியதும் எதையும் ஒளிக்காமல் சொன்னார். இனி நான் வரலாமா, கூடாதா என்றும் கேட்டார். அவள் திட்டவில்லை. அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ஒட்டியதைப் பிரிக்க மத்தியானம் முழுக்க ஆயிற்று. கோலம் போட்ட அட்டை இரண்டாகக் கிழிந்தது. மோனிஷா திரும்பவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை டேப் சர்ரென்று உரியும்போதும் அவள் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்தது.

"இப்ப உட்காருங்க சார்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு என்ன வேலைம்மா?"

நான் கொண்டுபோய் வைத்த டீ ஆடை கட்டியது. யாரும் தொடவில்லை.

வெகுநேரம் கழித்து மோனிஷா எழுந்தாள். அவரைச் சுற்றிப் பெட்டிகளை அடுக்கினாள். புடவையை மேலே போட்டாள். தோளைப் பிடித்து அழுத்தினாள். படுக்கச் சொல்கிறாள் என்று புரிந்து படுத்தார். விரலால் அவர் இமைகளை மூடிவிட்டாள். உயரமான மனிதர், இரண்டு காலும் வீதிக்கு வந்துவிட்டன. மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

டிரே வந்தது. சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. மோனிஷா அதை விட்டுவிட்டு உள்ளே தவழ்ந்து போய் அவர் தோளை உலுக்கினாள்.

"யோவ் தாத்தா, எய்ந்திரு. லாரி வருது."

வாசலில் நின்ற தேவகி முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

கையைப் பிடித்து அவரை வெளியே இழுத்து, ஜன்னலோரம் உட்கார வைத்தாள் பிள்ளை. அப்புறம் போய் டிரேயால் மோதினாள். வீடு விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

சாயந்திரம் செருப்பை மாட்டிக்கொண்டே சார் கேட்டார்.

"நாளைக்கும் இடிப்பாளா டீச்சர்?"

"இடிப்பா சார்."

"நாளன்னைக்கு?"

"தெரியாது சார்."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

எஸ்தர் அறையைப் பூட்டினாள்.

"நல்லா குறட்டை விட்டுத் தூங்குங்க சார். அவ வந்து எழுப்புவா."