பின்சக்கரம்

திருவேங்கடத்துக்கு அறுபத்து மூன்று வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தாறு.

ஓய்வு பெற்ற பிறகு சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்குப் பக்தி வரும். முப்பது வருடம் வண்டிகளைச் சோதித்துச் சான்று எழுதும் அதிகாரியாக இருந்த திருவேங்கடத்துக்கு ஜீப் வந்தது.

போடியில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்கட்டில் அதைக் கண்டுபிடித்தார். பின் இருக்கை இருந்த இடத்தில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. உலகப் போருக்காகச் செய்த வண்டி, இடது பக்க ஸ்டியரிங். அந்த மாதிரியில் எலும்புக்கூடாவது முழுசாக மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் வெட்டித் துண்டு போடப் போவதாகக் கடைக்காரர் சொன்னார். திருவேங்கடம் பேரம்கூடப் பேசவில்லை.

லாரியில் ஏற்றி, மலையடிவாரத்தில் இருக்கும் பரமன் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஏலத்தோட்டங்களுக்கு விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வரும் ஜீப்புகளுக்கெல்லாம் பரமன்தான் மேஸ்திரி.

பரமன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்கம் நசுங்கியிருந்த இடத்தில் கையை வைத்தார். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.

"இத எதுக்கு சார் வாங்குனீங்க?"

"பழையபடி ஆக்கணும். நானே என் கையால ஆக்கணும். நீங்க சொல்லிக் கொடுங்க."

"எந்தப் பழையபடி?"

"புரியல மேஸ்திரி."

"செஞ்சு வெளிய விட்ட அன்னைக்கு இருந்தபடியா, கடைசியா ஓடுன அன்னைக்கு இருந்தபடியா?"

திருவேங்கடம் சிரித்தார். "செஞ்சு விட்ட அன்னைக்கு இருந்தபடிதான்."

"சரி. நாளைக்குப் பழைய சட்ட போட்டுக்கிட்டு வாங்க."

அப்படித்தான் அவர் சீடரானார். ஒரு காலத்தில் அவர் ஜீப்பை விட்டு இறங்கினாலே மெக்கானிக்குகள் பீடியை மறைப்பார்கள். இப்போது அவர் சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து நாலு சக்கரமும் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

பரமன் அதிகம் பேசுகிறவர் இல்லை. துருப்பிடித்த நட்டோடு சீடர் மல்லுக்கட்டும்போது மட்டும் சொல்வார்.

"கோவப்படாதீங்க சார். மண்ணெண்ணெய ஊத்திட்டு டீ குடிச்சுட்டு வாங்க. அது எங்கயும் போயிறாது."

எட்டு மாதம் போனது. இஞ்சின் உயிர் பிடித்தது. தகரத்தைத் தட்டி நேராக்கினார்கள். முன்சக்கரங்களின் பிரேக்கைப் புதுசாக்கினார்கள். பின்சக்கரத்துப் பக்கம் மட்டும் பரமன் போகவே இல்லை.

திருவேங்கடத்துக்கு அது வினோதமாக இருந்தது. அந்தப் பட்டறையில் எந்த வண்டி வந்தாலும் முதலில் நாலு சக்கரத்தின் பிரேக்கையும் பிரித்தாக வேண்டும். ஹாரன் பழுதென்று வந்தாலும் அப்படித்தான். வேலை முடிந்த பிறகு, ஓட்டுகிறவர் பக்கத்தில் பரமனே உட்கார்ந்து மலையிலிருந்து கடைசி வளைவு வரை இறங்கி வருவார். அப்புறம்தான் வண்டியை விடுவார். ஊரில் அதை வைத்துக் கேலிகூடப் பேசுவார்கள்.

"நம்ம வண்டிக்குப் பின்பிரேக் எப்ப மேஸ்திரி?"

"கடைசியில பாப்போம்."

தினமும் நாலு மணி வாக்கில் ஒருவர் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு பட்டறை வாசலைத் தாண்டிப் போவார். வலது கால் இல்லை. அவர் தெருமுனை திரும்புகிற வரை பரமன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நிற்பார்.

"யார் மேஸ்திரி அவரு?"

"சேவுகன். புளி குடோன்ல காவலுக்கு இருக்காரு. முன்னாடி ஜீப் டிரைவர்."

"காலு?"

பரமன் கையைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"தோட்டத்துல இருந்து எறங்கும்போது வண்டி கவுந்துருச்சு. ஏழு பொம்பளைங்க போயிட்டாங்க. ஒருத்தி அவரு கூடப் பொறந்தவ."

"குடியா?"

"தொட மாட்டாரு. பிரேக்க அழுத்துனேன், அழுத்துனேன்னுதான் கோர்ட்டுல சொன்னாரு. பிரேக்கு நல்லாருந்துச்சுன்னு ரிப்போர்ட்டு. உள்ள போட்டுட்டாங்க. வெளிய வந்தப்ப அவருக்கே சந்தேகம் வந்துருச்சு. பயத்துல காலு மரத்துப் போச்சோ, அழுத்தாமலே அழுத்துனதா நெனைச்சுட்டமோன்னு."

"அப்புறம்?"

"போன வருஷம் அந்தக் கால்ல ஒரு புண்ணு. மருந்து போட மாட்டேன்னுட்டாரு. ஏழு பேரக் கொன்ன காலு, அழுகட்டும்னாரு. முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க."

"பாவம்" என்றார் திருவேங்கடம். உண்மையாகவே அவருக்குப் பாவமாக இருந்தது. பிறகு குனிந்து, தான் தேய்த்துக்கொண்டிருந்த விளக்குக் கூட்டைத் தொடர்ந்து தேய்த்தார்.

பெயிண்ட் காய்ந்த நாள் வந்தது. இராணுவப் பச்சை. திருவேங்கடம் நாலு பக்கமும் நின்று பார்த்தார். கல்யாண மண்டபத்தில் பெண்ணின் அப்பா நடப்பதைப் போல நடந்தார்.

"வேலை முடிஞ்சுதுன்னு எப்ப மேஸ்திரி தெரியும்?"

"பின்னாடி இன்னும் பிரிக்கலையே சார்."

"நீங்கதான் கடைசியிலன்னு சொன்னீங்க."

"கடைசி வந்துருச்சு. நீங்களே பிரிங்க." சொல்லிவிட்டுப் பரமன் வாசலில் போய், மலையைப் பார்த்து நின்றுகொண்டார்.

பின் அச்சுக்குப் போகும் பிரேக் குழாயின் பித்தளை இணைப்பைத் திருவேங்கடம் கழற்றினார். உள்ளிருந்து ஏதோ உருண்டு அவர் மார்பில் விழுந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சின்ன இரும்புக் குண்டு. வண்டி முழுக்கத் துருவாக வந்திருந்தது, இது மட்டும் பளபளவென்றிருந்தது.

"மேஸ்திரி, இது என்ன?"

"சைக்கிள் சக்கரத்துல போடுற குண்டு." பரமன் திரும்பாமலே சொன்னார். "பின்னாடி பிரேக் ஆயில் போற ரப்பர் ஓஸ் ஒழுகும். புது ஓஸ் கைவசம் இருக்காது. வண்டி ஓடியாகணும்பாங்க. அப்ப இத வச்சு அடைச்சுருவோம். முன்னாடி ரெண்டு சக்கரம் மட்டும் புடிக்கும்."

"ஆளுகள ஏத்திக்கிட்டு மலை எறங்குற வண்டியிலயா? எந்த மடையன் செஞ்ச வேலை இது?"

"திரும்ப வச்சு மாட்டுங்க."

"என்ன?"

"குண்ட வச்சு மாட்டுங்க சார். பிரேக் ஆயில் ஊத்தி, குழாயில இருக்குற காத்த எடுங்க. மேல ஏறி உக்காந்து பெடல அழுத்துங்க."

குரு சொன்னதை ஏன் என்று கேட்காமல் செய்யும் பழக்கம் எட்டு மாதத்தில் வந்திருந்தது. செய்தார். ஏறி உட்கார்ந்து வலது காலால் அழுத்தினார்.

"எப்படி இருக்கு?"

"கெட்டியா இருக்கு."

"அதிகாரியா இருந்தா என்ன எழுதுவீங்க?"

"பிரேக் நல்ல நிலையில் உள்ளது."

முப்பது வருடத்து வாய்ப்பழக்கம். வாக்கியம் முடிந்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பெடலிலிருந்து காலை எடுத்தார்.

"மேஸ்திரி, எந்த வண்டி இது?"

"இருவத்திரெண்டு வருஷம் ஆச்சு. பத்தாவது வளைவுக்குக் கீழ மரத்துல சிக்கி நின்னுச்சு. நல்ல மழை. சோதிச்சுப் பாக்க நீங்க கயித்தப் புடிச்சுக்கிட்டு எறங்குனீங்க."

"அட்டை" என்றார் திருவேங்கடம். "கால் பூரா அட்டை ஏறிருச்சு."

"ஏறி உக்காந்து ஒரே ஒரு தடவ அழுத்துனீங்க. மேல வந்துட்டீங்க. நான் ரோட்டுல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"நீங்க அங்க எதுக்கு?"

"குண்டு வச்சது நாந்தான் சார்."

கழுவி வைத்த சாமானிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஓஸ் வர நாலு நாள் ஆகும்னேன். அதுவரைக்கும் அடைச்சு விடுன்னாரு வண்டி மொதலாளி. அவரு இப்ப இல்ல. சேவுகண்ணன்கிட்ட சொன்னா வண்டிய எடுக்க மாட்டாரு, அதனால சொல்லல. நாலு நாளு பதினோரு நாளாச்சு." பரமன் நிறுத்தினார். "நீங்க பின்சக்கரத்தச் சுத்திப் பாத்துருவீங்கன்னு பயந்துக்கிட்டு நின்னேன். பாக்கல. வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டேன்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"பயம்."

"இந்த வண்டிய நான் கொண்டுவரலைன்னா?"

"சொல்லியிருக்க மாட்டேன்."

திருவேங்கடம் வண்டியை விட்டு இறங்கவில்லை. அவருக்குள் இருந்த பழைய அதிகாரி கணக்காக யோசிக்கத் தொடங்கியிருந்தான். அதை அவரால் தடுக்க முடியவில்லை, அதற்காக வெட்கப்படவும் முடியவில்லை.

"குண்ட எடுத்துட்டுப் புது ஓஸ் போட்டுட்டா நாலு சக்கரமும் புடிக்குமில்ல மேஸ்திரி?"

"புடிக்கும். வண்டி நீங்க கேட்ட மாதிரி ஆயிரும்."

"யாருக்கும் எதுவும்..."

"தெரியாது."

பரமன் திட்டியிருந்தால் திருவேங்கடத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தெருவில் கட்டை ஊன்றும் சத்தம் கேட்டது. மணி நாலு.

பரமன் சீடரைப் பார்த்தார். "குண்டு அங்கதான் இருக்கு. ஸ்பேனர் உங்க பக்கத்துல இருக்கு. அவரு வாசலத் தாண்ட இன்னும் பத்து எட்டு வைக்கணும்."

கட்டை நெருங்கியது. வாசலுக்கு வந்தது. தாண்டப் போனது.

"கூப்பிடுங்க" என்றார் திருவேங்கடம்.

சேவுகன் உள்ளே வந்தார். ஸ்டூல் போட்டார்கள், உட்காரவில்லை. பரமன் தன் பங்கைச் சொன்னார். திருவேங்கடம் தன் பங்கைச் சொன்னார். நாளைக்கு இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போவதாகப் பரமன் சொன்னார். திருவேங்கடம் தலையாட்டினார்.

சேவுகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறுதலுக்குச் சொல்றியா பரமா? யாரும் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லண்ணே. ஏறி நீங்களே அழுத்திப் பாருங்க."

சொன்ன பிறகுதான் பரமனுக்கு உறைத்தது. சேவுகன் குனிந்து, முட்டிக்கு மேல் மடித்துச் செருகியிருந்த வேட்டியைப் பார்த்தார்.

"எத வச்சு அழுத்த?"

திருவேங்கடம் பெடலில் காலை வைத்தார்.

"நான் அழுத்துறேன்" என்றார் திருவேங்கடம். "நீங்க பாருங்க."

அழுத்தினார். பரமன் முன்சக்கரத்தைப் பிடித்துச் சுற்றப் பார்த்தார். அது அசையவில்லை. பிறகு பின்னால் போய், பின்சக்கரத்தை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். அது சுற்றியது.

திருவேங்கடம் இருக்கையில் முதுகை முட்டுக் கொடுத்து, பலமெல்லாம் திரட்டி மிதித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு தானாகக் களைத்து நின்றது.

சேவுகன் கிட்டே வந்து டயரின்மேல் கையை வைத்தார்.

"இன்னொருக்கா."

பரமன் சுற்றிவிட்டார். திருவேங்கடம் மிதித்தார். சக்கரம் சுற்றியது.

"இன்னொருக்கா."

மறுபடியும் சுற்றியது. சேவுகன் கண்ணெடுக்காமல் பார்த்தார். அவர் முகத்தில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. வேட்டிக்குள் மிஞ்சியிருந்த அரைத் தொடை மட்டும், திருவேங்கடம் மிதிக்கிற ஒவ்வொரு தடவையும், கீழே ஏதோ இருப்பதுபோல அழுந்தியது.

"இன்னொருக்கா."

எத்தனை முறை என்று யாரும் எண்ணவில்லை. திருவேங்கடத்தின் கால் நடுங்க ஆரம்பித்தது. தொடையில் பிடித்துக்கொண்ட நரம்பைக் கையால் அழுத்திக்கொண்டு, குருவின் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் எத்தன தடவ மேஸ்திரி?"

பரமன் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"அழுத்துங்க சார். அவரு போதும்னு சொல்லட்டும்."